‘செட்’ என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? என் மகள் எழுதியது தப்பா?

காரிமங்கலம் காயில்கடை:

எல்லோருக்கும் வணக்கம். காரிமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது ‘செட்’ என்று சொல்லிப் பழகிய வாய் இது. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் பம்ப்செட்டைத்தான் அப்படிச் சொல்வோம். ‘செட்டை மேலே எடுத்துவிட்டோம்’, ‘எத்தனை அடியில் செட் தொங்குகிறது?’, ‘செட் இறக்கியாகிவிட்டது, லைன் கொடுங்கள்’. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது என் மகளின் இங்கிலீஷ் நோட்டு.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘செட்’ என்ற சொல்லை ஐந்து வெவ்வேறு பொருளில் வைத்து ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் கேட்டது செவ்வாய்க்கிழமை மாலை. செவ்வாய் எங்கள் ஊரில் சந்தை நாள். சந்தைக்கு வருகிறவர்கள் கருகிய மோட்டாரையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். கையெல்லாம் வார்னிஷ். அந்தக் கையோடு உட்கார்ந்து அவளும் நானும் ஐந்தைத் தேற்றினோம்.

முதல் வாக்கியம், அப்பா பம்ப்செட் பழுது பார்க்கிறார். இரண்டாவது, மலைக்குப் பின்னால் சூரியன் மறைகிறது. மூன்றாவது, அம்மா ஐந்து மணிக்கு அலாரம் வைக்கிறார். நான்காவது, கிருஷ்ணகிரியில் செட் தோசை சாப்பிட்டோம். ஐந்தாவதுக்குத்தான் திணறினோம். காவேரிப்பட்டணம் பக்கம் என் அண்ணனுக்குச் சின்ன மாந்தோப்பு இருக்கிறது. அங்கே தோட்டக்கலை அலுவலர் ஒருவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ‘ஃப்ரூட் செட் நன்றாக இருக்கிறது’ என்று சொன்னது எனக்கு நினைவு வந்தது. அதை வைத்து அவள், ‘தி மேங்கோஸ் செட் வெல் திஸ் இயர்’ என்று எழுதிவிட்டாள்.

நோட்டு திரும்பி வந்தபோது ஐந்துக்கு நான்கு. மாங்காய் வாக்கியத்தில் ‘செட்’ மேல் ஒரு சிவப்புக் கோடு, அதன் தலையில் ‘க்ரூ’, அதாவது ‘வளர்ந்தது’.

அந்த ஆசிரியை நல்லவர். அறுபது நோட்டுகளை வீட்டுக்குச் சுமந்து போய்த் திருத்துகிறவர். ஒரு மதிப்பெண்ணுக்காகப் பள்ளி வாசலில் போய் நிற்கிற ஆள் நான் இல்லை. ஆனால் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ‘நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன்’ என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று இரவே பழைய அகராதி ஒன்றை எடுத்துப் புரட்டினேன். தேடிய சொல் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்துக்கும் ஓடுகிறது. உடைந்த எலும்பைச் சேர்த்து வைப்பது செட். மோதிரத்தில் கல் பதிப்பது செட். ரம்பத்தின் பற்களை ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் வளைத்துவிடுவது செட். கேள்வித்தாள் தயாரிப்பதும் செட்டாம். இன்றைய பையன்கள் பெண் பார்த்துவிட்டு வந்து ‘செட் ஆகவில்லை’ என்கிறார்களே, அது மட்டும் அதில் இல்லை. அது நாமே போட்டுக்கொண்ட அர்த்தம் போலிருக்கிறது.

என் கடைப் பையனிடம் ‘செட்டை இறக்கியதும் ரிலேவை செட் செய்’ என்று சொல்வேன். மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்திவிடும் கருவிதான் ரிலே. 5 குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஏழரை ஆம்பியர் பக்கம் வைப்போம். ஒரே மூச்சில் இரண்டு செட். அவனுக்கும் குழப்பம் வந்ததில்லை, எனக்கும் வந்ததில்லை. இப்போது வருகிறது.

கேட்க வந்தது இரண்டு. இது ஒரே சொல்தானா, அல்லது ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் பல சொற்களா? இரண்டாவது, மாங்காய் வாக்கியம் நிஜமாகவே தப்பா?

பாப்பாரப்பட்டி:

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான ‘செட்’ தகுதித் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டவன் நான். எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அதை இங்கே எழுத முடியாது.

சந்தூர் ஒட்டுக்கன்று:

அண்ணா, பாப்பா எழுதியது சரி. நூற்றுக்கு நூறு சரி. கோடு போட்ட ஆசிரியையைப் பூக்கிற காலத்தில் ஒருமுறை எங்கள் தோப்புக்கு அழைத்து வாருங்கள், மரத்தைக் காட்டியே புரியவைத்துவிடலாம்.

‘வளர்ந்தது’ வேறு, ‘செட் ஆனது’ வேறு. மாமரத்தில் ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் பெரும்பகுதி ஆண் பூக்கள். அவை எவ்வளவு அழகாகப் பூத்தாலும் காயாகாது. இருபால் பூவில் ஈயோ தேனீயோ உட்கார்ந்து மகரந்தம் சேர்ந்து, பூ உதிராமல் அடியில் பச்சையாக ஒரு பொட்டு தங்குகிறதே, அந்தக் கட்டத்துக்குத்தான் ஆங்கிலத்தில் செட் என்று பெயர். அதன் பிறகுதான் பட்டாணி அளவு, கோலிக்குண்டு அளவு என்று வளர்ச்சி. பட்டாணியில் கொட்டும், கோலிக்குண்டிலும் கொட்டும். கடைசியில் ஒரு கொத்துக்கு ஒன்றிரண்டு நின்றால் அதுவே பெரிது. ஆக, ‘நன்றாகப் பிஞ்சு பிடித்தது’ என்று பாப்பா எழுதியதை ஆசிரியை ‘நன்றாக வளர்ந்தது’ என்று மாற்றியிருக்கிறார். பிடிப்பதற்கும் வளர்வதற்கும் நடுவில் ஒரு விவசாயிக்கு எத்தனை தூக்கம் போகும் தெரியுமா?

தோப்பில் நாங்கள் யாரும் ‘செட்’ என்று சொல்வதில்லை. ‘பிடித்திருக்கிறதா?’ என்றுதான் கேட்போம். பெங்களூரா ரக மாமரத்தில் பிஞ்சு பிடித்திருக்கிறதா? நாற்றங்காலில் ஒட்டுப் பிடித்ததா? பூவில் தத்துப்பூச்சி பிடித்துவிட்டதா? சாம்பல் நோய் பிடித்ததா? நல்லதும் ‘பிடி’, கெட்டதும் ‘பிடி’. பாட்டி இருந்தவரை இதோடு இன்னொன்றும் சேர்ப்பார்: ‘உன் தாத்தாவுக்கு இந்த மரத்தைத்தான் பிடிக்கும், என்னைப் பிடிக்காது.’ இவ்வளவையும் ஒரே சொல்லில் சமாளிக்கிற நாம் இங்கிலீஷ்காரனின் செட்டைப் பார்த்து ஏன் மலைக்க வேண்டும்?

உங்களிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. என் ஏழரை குதிரைத்திறன் செட் பத்து நாளாக ஓட ஆரம்பித்த கால்மணியில் தானாக நின்றுவிடுகிறது. ரிலேவைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?

ஓய்வாசிரியர், தருமபுரி:

31 ஆண்டுகள் சிவப்பு மைப் பேனா பிடித்த கை இது. ஆகவே முதலில் ஓர் ஒப்புதல். அந்த வாக்கியம் என்னிடம் வந்திருந்தால் நானும் அடித்திருப்பேன். மாம்பழத்தைத் தட்டில் மட்டுமே பார்த்து வளர்ந்தவன். சந்தூர்க்காரர் சொன்ன பிறகு இரண்டு அகராதிகளைப் பார்த்தேன். பூ காயாக நிலைப்பதற்கு ‘செட்’ என்று தெளிவாகவே இருக்கிறது. குழந்தையின் வாக்கியம் சரி. இறந்தகாலத்திலும் அந்தச் சொல் மாறாது, அதையும் சரியாகவே எழுதியிருக்கிறாள். ‘செட்டட்’ என்று எழுதும் கல்லூரி மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, ஒரு சொல்லா பல சொல்லா என்ற கேள்வி. உங்களை மிரட்டிய அகராதி சின்னது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அத்தனை தொகுதிகளிலும் மிக நீளமான பதிவு இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். வினையாக மட்டும் 430-க்கு மேற்பட்ட பொருள்கள், அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு சிறு நாவலின் அளவு. பின்னாளில் அகராதியை மறுபடி திருத்தியபோது ‘ரன்’ என்ற சொல் இதை முந்திவிட்டது. அதற்கு வினையாக மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லை ஒழுங்குபடுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. (பாருங்கள், இங்கேயும் ‘பிடித்தது’ வந்து உட்கார்ந்துகொண்டது.)

இத்தனை பொருளுக்கும் வேர் எத்தனை என்று பார்த்தால் முக்கியமாக இரண்டுதான்.

முதல் வேரைப் புரிந்துகொள்ள உங்கள் மகளின் தமிழ் இலக்கணமே போதும். தன்வினை, பிறவினை படித்திருப்பாள். திருந்து – திருத்து, ஓடு – ஓட்டு, அமர் – அமர்த்து. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த ஏற்பாடு உயிரோடு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’ என்றால் அமர்தல், ‘செட்டன்’ என்றால் அமர்த்துதல். நம் பக்கத்து ஆட்களின் பெயர்கள் போல ஒலிக்கும், அப்படியல்ல. அவைதான் இன்றைய ‘சிட்’, ‘செட்’. நாம் மெய்யெழுத்தை மாற்றிப் பிறவினை ஆக்குகிறோம், அவர்கள் உள்ளே இருக்கும் உயிரெழுத்தை மாற்றினார்கள். ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து. மரம் வெட்டுவதற்கு ‘ஃபெல்’ என்று சொல்வது இதனால்தான். ‘ரைஸ்’ எழு, ‘ரெய்ஸ்’ எழுப்பு. ‘லை’ கிட, ‘லே’ கிடத்து. வகுப்பில் ‘லை’யையும் ‘லே’யையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளையை நான் கண்டதில்லை. கிட – கிடத்து என்று அன்றைக்கே சொல்லித் தந்திருந்தால் ஒரு பீரியடில் முடிந்திருக்கும். எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தோன்றியது.

‘அமர்த்து’ என்பதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் பாருங்கள். அலாரம் என்றால் முள்ளை ஐந்தில் அமர்த்துகிறோம். எலும்பு என்றால் விலகியதை அதன் இடத்தில் அமர்த்துகிறோம். கல் மோதிரத்தில் அமர்கிறது. ரிலே ஏழரை ஆம்பியரில் அமர்கிறது. சூரியனும் மாங்காயும்தான் முரண்டு பிடிக்கும். அங்கே யாரும் யாரையும் அமர்த்தவில்லை. பிறவினையாகப் பிறந்த சொல் நாளடைவில் தன்வினை வேலையையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது. சூரியன் தானே போய் அமர்ந்தது. பிஞ்சு தானே காம்பில் அமர்ந்தது. நம் பெரியவர்கள் ‘பொழுது சாய்ந்தது’ என்றார்கள், அவர்கள் உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது வேர் வேறு வீட்டுப் பிள்ளை. தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் ‘செட்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு மூலம் லத்தீனின் ‘செக்டா’. ஒருவரைப் பின்தொடர்ந்து போகும் கூட்டம் என்று பொருள். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லும் அதே வயிற்றில் பிறந்ததுதான். ஒலி ஒன்றாக இருந்ததால், ‘சேர்த்து வைத்தது’ என்ற நினைப்பில் ஆங்கிலேயர்களே இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள். கணக்குப் பாடத்தில் வரும் செட்டும் தொகுதி என்ற பொருளில் வருவதுதான். நம் பாடநூல் அதைக் ‘கணம்’ என்று அழகாகப் பிரித்துவிட்டது. பிறகு அந்தக் ‘கணம்’ நொடியா கூட்டமா என்று பிள்ளைகள் கேட்பார்கள், அது வேறு கதை.

ஆகவே, நீங்கள் பையனிடம் சொல்லும் ‘செட்டை இறக்கியதும் ரிலேவை செட் செய்’ என்பதில் முதல் செட் லத்தீன் வழி, இரண்டாவது பழைய ஆங்கிலம். இரண்டும் காரிமங்கலத்தில் ஒரே ஆழ்துளைக் கிணற்றின் வாயில் சந்தித்திருக்கின்றன.

பாலக்கோடு கால்நடை:

ஐயா, உங்கள் தன்வினை பிறவினைப் பட்டியலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாய்வழியாகக் கொடுப்பதை ‘டிரெஞ்ச்’ என்றுதான் எழுதுவோம். ஊரில் மற்றவர்களுக்கு டிரெஞ்ச் என்றால் மழையில் தொப்பலாக நனைவது. உங்கள் விளக்கத்தைப் படித்ததும் தேடினேன். ‘டிரிங்க்’ குடி, ‘டிரெஞ்ச்’ குடிக்கச் செய், அதாவது புகட்டு! நனைவது பிறகு வந்த பொருள். பழைய பொருள் மாட்டுக்காரர்களிடம்தான் பத்திரமாக இருக்கிறது.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். புகட்டும்போது நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்காதீர்கள், தலையை மிக உயரமாகத் தூக்காதீர்கள். மருந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் புழுவுக்குப் பதில் ஆடு போய்விடும்.

இன்னொன்று, எங்கள் பாலக்கோடு கரும்பு ஊர். விதைக்கரும்பை இரண்டு பரு வருகிற மாதிரி வெட்டி நடுகிறோமே, கரணை, அதற்கும் ஆங்கிலத்தில் ‘செட்’தான். எழுதும்போது மட்டும் கடைசி எழுத்தை இரட்டிக்கிறார்கள். மண்ணில் அமர்த்துவதால் அந்தப் பெயர் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

ஓசூர் மேஸ்திரி:

சிமென்டை விட்டுவிட்டீர்களே. எங்களுக்கு செட் என்றால் உயிர். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில் முதல் இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன்னால் தொடங்கக் கூடாது, கடைசி இறுக்கம் 600 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இந்தியத் தரக் கணக்கு இது. செட் ஆவது ஒன்று, பலம் ஏறுவது இன்னொன்று. 28 நாள் கணக்கு பலத்துக்கு. வீட்டுக்காரர்கள் மறுநாள் காலையில் தட்டிப் பார்த்துவிட்டு ‘செட் ஆகிவிட்டதே, இனி தண்ணீர் எதற்கு?’ என்பார்கள். பிஞ்சு பிடித்துவிட்டதே, இனி தண்ணீர் எதற்கு என்று சந்தூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

செட் தோசைக்கு லத்தீன் தாத்தா என்பதை நம்ப முடியவில்லை. ஓசூரில் நான் சாப்பிடும் கடையில் ஒரு தோசை மட்டும் கேட்டால், ‘செட்டை உடைக்க முடியாது’ என்று முகத்தில் அடித்தது போலச் சொல்வார். மூன்றும் சாகுவும் வந்தே தீரும். ‘பின்தொடரும் கூட்டம்’ என்று ஐயா சொன்னது ஒருவேளை அந்த இரண்டாவது, மூன்றாவது தோசையைத்தானோ?

காரிமங்கலம் காயில்கடை:

எல்லோருக்கும் நன்றி. மொத்தத்தையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அமர் – அமர்த்து வந்த இடத்தில் மட்டும் இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னாள். ஆசிரியையிடம் போய்க் காட்டுகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். அதற்குக் காரணம் கேட்டபோது, ‘அவர் போட்ட வாக்கியமும் தப்பில்லை அப்பா, ஆனால் அது என் வாக்கியம் இல்லை’ என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அண்ணனின் தோப்பில் பிஞ்சோடு இருக்கும் ஒரு கொத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவள் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி.

இதற்கு நடுவில் என் பில் புத்தகம் பாழ். அதன் பின்பக்கங்களில் ‘பிடி’க்கு அர்த்தம் எழுத ஆரம்பித்திருக்கிறாள். பஸ் பிடிப்பது, மீன் பிடிப்பது, துருப் பிடிப்பது, மழை பிடித்துக்கொள்வது, சனி பிடிப்பது, கத்தியின் பிடி, ஒரு பிடி சோறு. நேற்று இரவு வரை 23. கடைப் பையன் ‘சம்பளத்தில் பிடிப்பது’ என்று ஒன்றைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அதையும் எழுதிக்கொண்டாள்.

சந்தூர் அண்ணனுக்கு: ரிலேவைக் கூட்டவே கூட்டாதீர்கள். ஏழரைக்கு 11 ஆம்பியர் பக்கம் இருந்தால் அது சரியான இடத்தில்தான் இருக்கிறது. அது நிற்பதால்தான் உங்கள் காயில் இன்னும் கருகாமல் இருக்கிறது. முதலில் மூன்று ஃபேஸிலும் வோல்ட்டேஜ் சமமாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் கூடுதலாக இழுக்கும். வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் பம்புக்குள் மணல் ஏறிச் சுற்று இறுகியிருக்கலாம். அப்படியென்றால் செட்டை மேலே எடுக்கத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை மட்டும் வராதீர்கள், அன்று சந்தைக் கூட்டத்தில் உட்கார இடம் இருக்காது.